வெட்டப்பட்ட முகடும் மிஞ்சிய தாளும்: பெல்லாரி–சண்டூர் மலைகளின் பழைய நிலவரைபடங்களை எப்படிப் படிப்பது?

பெல்லாரி இரும்புச் சுரங்கங்களைப் பற்றிய செய்திகளில் இரண்டு சொற்கள் விடாமல் வருகின்றன: எல்லை, வரைபடம். குத்தகை எல்லையைத் தாண்டி வெட்டினார்கள், மாநில எல்லையையே நகர்த்தினார்கள், ஒரு வரைபடம் இன்னொன்றோடு பொருந்தவில்லை. படிக்கிறவருக்கு இயல்பாக ஒரு கேள்வி எழும். அளந்து, வரைந்து, கல் நட்டு வைத்த எல்லை எப்படிச் சர்ச்சைக்கு உள்ளாகும்? போய் மறுபடி அளந்தால் முடிந்துவிடாதா?

முடியாது. அளப்பதற்கு அங்கே பழைய நிலம் இல்லை. இந்த மலைகளில் நல்ல தாது முகட்டில் இருக்கிறது. எல்லைக்கோடுகளும் பெரும்பாலும் முகட்டின் வழியே ஓடுகின்றன. தாதுவை வெட்டும்போது எல்லையும் சேர்ந்தே வெட்டப்படுகிறது. அதன்பிறகு அந்த முகடு எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதற்கு மிஞ்சும் சாட்சி, சுரங்கம் வருவதற்கு முன் வரையப்பட்ட நிலவரைபடம்தான். அந்தச் சாட்சியை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரை.

மலையும் அதன் ஆட்சி வரலாறும்

சண்டூர் மலைகள் இன்றைய கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் உள்ளன. தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீளும் மலைவரிசைகள், நடுவே ஒரு நீண்ட பள்ளத்தாக்கு, அதில் ஓடும் நாரிஹள்ளா என்னும் ஓடை. மலைச்சுவரை அறுத்துச் செல்லும் குறுகலான கணவாய்கள் இரண்டு உண்டு: பீமகண்டி, ஓபளகண்டி. வெள்ளைக்காரர் காலத்தில் பெல்லாரிப் படைமுகாமின் கோடை வாசஸ்தலமாக இருந்த ராமன்துர்க்கம் இந்த மலைமேல்தான் இருக்கிறது. உயரம் 3,000 அடிக்கு மேல். குமாரசுவாமி மலையில் முருகனுக்குப் பழங்கோயில் ஒன்று உண்டு. தேசிய கனிம வளர்ச்சிக் கழகம் 1977 முதல் தாது எடுத்துவரும் தோணிமலையும் இங்கேயே.

பாறை, வரிவரியாக அமைந்த இரும்பு–குவார்ட்சைட். அதன் மேற்பகுதியில் மழையும் வெயிலும் நெடுங்காலம் சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோனதால், இரும்பு செறிந்த ஹேமடைட் மூடிபோல் மிஞ்சியிருக்கிறது. கடினமான அந்தப் பாறைதான் அரிப்பைத் தாங்கி நின்று முகடாக உருவெடுத்தது. முகட்டில் தாது இருப்பது தற்செயல் அல்ல. தாது இருப்பதால்தான் அது முகடாக நிற்கிறது.

ஆட்சி எல்லைகள் இங்கே அடுக்கடுக்காக விழுந்திருக்கின்றன. 1800இல் நிஜாம் விட்டுக்கொடுத்த மாவட்டங்களோடு பெல்லாரி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்து, சென்னை மாகாணத்தின் பகுதியானது. சண்டூர் மட்டும் கோர்படே மரபினர் ஆண்ட தனிச் சமஸ்தானமாக இருந்து, 1949இல் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது ஆதோனி, ஆலூர், ராயதுர்க்கம் ஆகிய தாலுகாக்கள் ஆந்திரத்துக்கும், பெல்லாரியும் சண்டூரும் உள்ளிட்ட மற்றவை மைசூருக்கும் போயின. அதுவரை ஒரே மாவட்டத்துக்குள் தாலுகாக்களைப் பிரித்த கோடு, ஒரே நாளில் மாநில எல்லையாகிவிட்டது. அந்தக் கோட்டின் அடியில் என்ன தாது இருக்கிறது, எத்தனை கோடி பெறும் என்று அன்று எவரும் எண்ணி வரையவில்லை. ஓடை, முகடு, கிராமத்து எல்லைக்கல் ஆகியவற்றைப் பிடித்துச் சென்ற பழைய கோடு அது.

வரைபடம் என்ற ஒரே பெயரில் மூன்று பொருள்கள்

செய்திகளில் குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். ‘மேப்’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது மூன்று வேறுபட்ட ஆவணங்களைக் குறிக்கலாம்.

1. நில அமைப்பு வரைபடம், வழக்கில் டோப்போஷீட். இந்திய நில அளவைத் துறை வெளியிடுவது. மலை, ஓடை, காடு, சாலை, ஊர் எல்லாம் அதனதன் இடத்தில், உயரத்தோடு இருக்கும். யாருடைய நிலம் என்பது இதில் இருக்காது.

2. வருவாய்த் துறையின் கிராம வரைபடமும் புலப்படமும். சர்வே எண், நிலத்தின் நான்கெல்லை, மூன்று எல்லைகள் கூடும் இடத்தில் நட்ட முச்சந்திக் கல் ஆகியவை இதில் உண்டு. உயரம் பற்றி ஒரு தகவலும் இருக்காது. ஒவ்வொரு கிராமமும் தனித்தனியாக அளக்கப்பட்டதால், இரண்டு கிராமப் படங்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் போகலாம்.

3. காப்புக்காட்டு எல்லைப் படமும் சுரங்கக் குத்தகை வரைபடமும். பழைய குத்தகைப் படங்களில் அட்சரேகை, தீர்க்கரேகை இருப்பதில்லை. ‘இந்தக் கல்லிலிருந்து இந்தத் திசையில் இத்தனை தொலைவு’ என்ற கணக்கே இருக்கும். தொடங்கும் கல் காணாமல் போனால் முழுக் குத்தகையும் காற்றில் மிதக்கும்.

சட்டப்படி எல்லையைச் சொல்வது இரண்டாவதும் மூன்றாவதும். ஆனால் அவற்றை நிலத்தின்மேல் சரியான இடத்தில் உட்கார வைக்க முதலாவது வேண்டும். டோப்போஷீட் உரிமைப் பத்திரம் அல்ல. ஆனாலும் வழக்குகளில் அது திரும்பத் திரும்ப மேசைக்கு வருவதற்குக் காரணம் இதுதான்.

தாளின் எண்ணில் இருக்கும் முகவரி

இந்தியாவின் பெரு முக்கோண அளவை சென்னையில் தொடங்கியது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை, அதாவது மற்றத் தொலைவுகளைக் கணக்கிட அடிப்படையாகும் கோட்டை அளந்தார். அங்கிருந்து மலையுச்சிக்கு மலையுச்சி கோணம் பார்த்து முக்கோணங்களாக வடக்கே நகர்ந்தது அந்த வேலை. பெல்லாரிக்குக் கிழக்கே உள்ள குத்தியில் 1811இல் இன்னோர் அடிக்கோடு அளக்கப்பட்டது. இந்த முக்கோணங்களின் முனைகள்தான் பிற்காலத் தாள்கள் எல்லாவற்றுக்கும் பிடிமானம். உச்சியில் தடை இல்லாமல் பார்வை கிடைக்கும் என்பதால் அளவைத் தூண்களும் முகடுகளிலேயே நடப்பட்டன. முகடு போனால் தூணும் போகும்.

தாள்களுக்கு எண் கொடுக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் எந்த இடத்துக்கும் உரிய தாளை நாமே கண்டுபிடிக்கலாம். சண்டூர் ஊர் ஏறத்தாழ 15 பாகை 5 நிமிட வடக்கிலும் 76 பாகை 33 நிமிடக் கிழக்கிலும் இருக்கிறது.

1. நாடு 4 பாகைக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. 12 முதல் 16 பாகை வடக்கும், 76 முதல் 80 பாகை கிழக்கும் சேர்ந்த கட்டத்தின் எண் 57.

2. அந்தக் கட்டம் 1 பாகைச் சதுரங்கள் 16 ஆகப் பிரியும். வடமேற்கு மூலையில் ‘ஏ’ தொடங்கி, மேலிருந்து கீழாக இறங்கி, அடுத்த நிரலுக்குப் போகும். சண்டூர் முதல் சதுரத்திலேயே வருகிறது: 57 ஏ.

3. ஒவ்வொரு சதுரமும் 15 நிமிடத் தாள்கள் 16 ஆகும். எண்ணும் வரிசை அதே. மூன்றாவது நிரலின் அடித்தாள் 12. ஆகவே சண்டூரின் தாள் 57 ஏ/12.

பெல்லாரி நகரம் அதற்குக் கிழக்கே ஒட்டியுள்ள 57 ஏ/16இல் வரும். மலைத்தொடர் 15 பாகைக் கோட்டுக்குத் தெற்கேயும் நீள்வதால் 57 பி/9ஐயும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தாளும் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீள அகலமுள்ள நிலத்தைக் காட்டுகிறது. 2005இல் வந்த தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கான தாள்கள் வேறு எண்முறைக்கு மாறின. பழைய நிலவியல் அறிக்கைகளும் வழக்கு ஆவணங்களும் பழைய எண்ணையே சொல்வதால் இரண்டையும் தெரிந்திருப்பது நல்லது.

மலையைத் தாளில் பிடிக்கும் கோடுகள்

பழுப்பு நிறத்தில் நெளிந்து நெளிந்து ஓடுபவை சமஉயரக் கோடுகள். கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளை இணைப்பவை. நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமவெளி. மூடிய வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால் உச்சி. கோடுகள் கூர்முனையாக மடங்கி மேட்டுப்பக்கம் நோக்கினால் அங்கே ஓடை இறங்குகிறது என்று பொருள். மூடிய வளையத்தின் உட்புறம் சிறு பற்கள் இருந்தால் அது பள்ளம். பழைய தாளில் உச்சி வளையம் இருந்த இடத்தில் புதிய தாளில் பல் வைத்த வளையம் வந்திருந்தால், அங்கே நடந்ததை வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கோடுகளிலிருந்து கன அளவையும் கணக்கிடலாம். ஒரு கற்பனை முகட்டை எடுத்துக்கொள்வோம். பழைய தாளில் 960 மீட்டர் கோடு 6 ஹெக்டேரையும், 980 மீட்டர் கோடு 2 ஹெக்டேரையும் வளைக்கின்றன. சராசரி 4 ஹெக்டேர், இடைப்பட்ட உயரம் 20 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 8 லட்சம் கனமீட்டர். புதிய அளவையில் அந்த இடம் 960 மீட்டரில் தட்டையாக இருந்தால், இவ்வளவு பாறை அங்கிருந்து போயிருக்கிறது. அனுமதிச் சீட்டுகளில் காட்டிய டன் கணக்கோடு இதை ஒப்பிடலாம். போனது எல்லாம் தாது அல்ல, கழிவுப் பாறையும் உண்டு என்பதால் இது உச்ச வரம்பைத்தான் சொல்லும். ஆனாலும் ஏட்டில் எழுதியதை நிலத்தை வைத்துச் சோதிக்க இதைவிட நேரான வழி இல்லை.

மலையின் உள்ளமைப்புக்கு இணையான சாட்சி நிலவியல் வரைபடம். சண்டூர் மலைகளை விரிவாக ஆராய்ந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரியைக் கண்டெடுத்தவரும், பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவருமான அதே ஃபூட்தான். அவருடைய பெல்லாரி மாவட்ட நிலவியல் அறிக்கை 1895இல் வெளிவந்தது. எந்த முகட்டில் எந்தப் பாறை என்ற விவரம் பெரிய சுரங்கங்களுக்கு முன்பே பதிவாகியிருப்பது இந்தப் பகுதிக்குக் கிடைத்த பேறு.

பழைய தாள் எங்கெல்லாம் ஏமாற்றும்

1. கோட்டின் தடிமன். பலரும் கவனிக்காதது, என் கணிப்பில் மிக முக்கியமானதும் இதுவே. பழைய தாள்கள் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360 அளவில் வந்தன. 1956இல் மெட்ரிக் முறை சட்டமான பிறகு 1:50,000க்கு மாறின. 1:50,000 தாளில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு நிலத்தில் 25 மீட்டர் அகலத்தை மூடுகிறது. அங்குலத் தாளில் அது 32 மீட்டர். சாதாரண நிலத்தில் 25 மீட்டர் பெரிய விஷயம் அல்ல. இரும்பு முகட்டில் நிலைமை வேறு. ஒரு கிலோமீட்டர் நீள எல்லையில் 25 மீட்டர் அகலம் என்றால் இரண்டரை ஹெக்டேர். பத்து மீட்டர் ஆழம் வெட்டினால் இரண்டரை லட்சம் கனமீட்டர். ஒரு கனமீட்டருக்கு 3 டன் என்று குறைத்து வைத்தாலும் ஏழரை லட்சம் டன் தாது. பத்து டன் லாரியில் 75,000 நடை. பேனாக் கோடு மறைக்கும் இடத்துக்குள் இவ்வளவு அடங்கிவிடுகிறது. டோப்போஷீட்டைப் பெரிதாக்கி அதன்மேல் குத்தகை எல்லையை வரைந்து ‘இதோ ஆதாரம்’ என்று எந்தத் தரப்பு நீட்டினாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: மூலத் தாளின் அளவு என்ன? பெரிதாக்கினால் படம்தான் பெரிதாகும், துல்லியம் கூடாது.

2. பூமியின் வடிவக் கணக்கு. பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்னும் 1830ஆம் ஆண்டுக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. கைபேசியும் ஜிபிஎஸ் கருவியும் இன்றைய உலகப் பொது அடிப்படையில் இயங்குகின்றன. ஒரே புள்ளிக்கு இரண்டும் சொல்லும் அட்சரேகை, தீர்க்கரேகைகள் வேறு. மாற்றாமல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் பெல்லாரிப் பகுதியில் 100 மீட்டருக்கும் கூடுதலாக விலகும். நாம் மேலே பார்த்த 25 மீட்டர் இதன்முன் சிறியது. ‘எல்லை தாண்டியதற்குச் செயற்கைக்கோள் படமே சாட்சி’ என்று சொல்லும் ஒப்பீடு எதுவானாலும் இந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

3. அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும். தாளின் ஓரத்தில் இரண்டும் இருக்கும். அச்சிட்ட ஆண்டு புதிதாக இருந்தாலும் மலைக்கோடுகள் பழைய அளவையிலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம். சாலையும் ஊர்ப்பெயரும் மட்டும் திருத்தி மறுபதிப்பு செய்வது வழக்கம்.

4. அடியும் மீட்டரும். அங்குலத் தாளில் கோட்டுக்குக் கோடு 50 அடி, 1:50,000 தாளில் 20 மீட்டர். இரண்டு கோடுகளுக்கு இடையே நிலம் எப்படி நெளிகிறது என்பது தாளில் இல்லை. பத்து மீட்டர் மேடு ஒன்று சுவடே இல்லாமல் போயிருந்தால் பழைய தாள் அதைக் காட்டிக்கொடுக்காமலும் போகலாம்.

5. திசைகாட்டி. இரும்பு மலையில் காந்த ஊசியை நம்பி அளந்த கோடுகளை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். ஹேமடைட் ஊசியை அவ்வளவாக இழுக்காது, இன்னொரு வகை இரும்புத் தாதுவான மேக்னடைட் கடுமையாக இழுக்கும். 1844 செப்டம்பரில் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பர்ட் என்ற அளவையாளரின் ஊசி தாறுமாறாகச் சுழன்றதால்தான் மார்க்கெட் (Marquette) என்னும் இடத்தின் இரும்புப் படுகையே வெளிச்சத்துக்கு வந்தது. சூரியனைப் பார்த்துத் திசை அறியும் கருவியை அவர் ஏற்கெனவே வடிவமைத்திருந்ததால் அளவை தடைப்படவில்லை. முக்கோண அளவையில் கோணங்கள் காந்த ஊசியால் அல்லாமல் தியோடலைட் என்னும் கோணமானியால் பார்க்கப்பட்டதால் டோப்போஷீட்டுக்கு இந்தக் கவலை குறைவு. கைத் திசைகாட்டியை வைத்து வரைந்த சிறு எல்லைப் படங்களுக்குத்தான் இது பொருந்தும்.

நீதிமன்றத்தில் என்ன ஆனது

2011 ஜூலை 27 அன்று, ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்பான கர்நாடக லோகாயுக்தாவின் சுரங்க அறிக்கை வந்தது. இரண்டே நாளில் உச்ச நீதிமன்றம் பெல்லாரி மாவட்டத்தில் இரும்புச் சுரங்கப் பணியை நிறுத்தியது. அடுத்த மாதம் தும்கூர், சித்ரதுர்கா மாவட்டங்களுக்கும் தடை நீண்டது. பிறகு நடந்ததுதான் நம் பேச்சுக்கு உரியது. நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழுவின் மேற்பார்வையில் 166 குத்தகைகளும் நிலத்தில் அளக்கப்பட்டு மூன்றாக வகைப்படுத்தப்பட்டன. மீறல் இல்லாதவையும் மிகச் சிறிய அளவில் உள்ளவையும் முதல் வகை. எல்லைக்கு வெளியே வெட்டிய பரப்பு குத்தகைப் பரப்பில் 10 சதவீதத்துக்குள்ளும், கழிவு கொட்டிய பரப்பு 15 சதவீதத்துக்குள்ளும் இருந்தவை இரண்டாம் வகை. அதற்கு மேற்பட்டவை மூன்றாம் வகை. 2013 ஏப்ரல் 18 தீர்ப்பில் மூன்றாம் வகைக் குத்தகைகள் ரத்தாயின.

ஒரு நிறுவனத்தின் குத்தகை பிழைக்குமா ரத்தாகுமா என்பதை வரைபடத்தில் அளந்த சில சதவீதங்கள் தீர்மானித்தன. எல்லையின் தொடக்கப் புள்ளியைப் பத்து மீட்டர் இப்படியோ அப்படியோ நகர்த்தினால் வகையே மாறக்கூடும். சர்வே மீது அத்தனை ஆட்சேபங்கள் எழுந்ததற்குக் காரணம் இதுதான். எல்லா ஆட்சேபங்களும் தப்பிக்கும் முயற்சி என்று தள்ளிவிட முடியாது. பழைய குத்தகைப் படங்களிலேயே பிழைகள் இருந்தன.

ஆந்திர–கர்நாடக எல்லையில், ஓபுலாபுரம் பக்கம், நிலைமை இன்னும் கடினம். அங்கே எல்லைக்கு அடையாளமாகக் கருதப்பட்டுவந்த சுகுலம்மா கோயிலே 2006இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மாநில எல்லையை அளந்து குறிக்கும் பணியை உச்ச நீதிமன்றம் இந்திய நில அளவைத் துறையிடம் ஒப்படைத்தது. கல் இல்லை, முகடு இல்லை, கோயில் இல்லை என்னும் நிலையில், தெளிவாக அடையாளம் காணக்கூடிய பழைய புள்ளிகள் சிலவற்றைப் பிடித்து, பழைய அளவைக் கணக்குகளை அங்கிருந்து மறுபடி நடத்திப் பார்ப்பது ஒன்றே வழி. ஒவ்வொரு தரப்பும் தனக்குச் சாதகமான பழைய படத்தை முன்வைப்பதால் எந்தப் படத்தை மூலமாக ஏற்பது என்பதே முதல் வழக்காகிவிடுகிறது.

இரும்பு மலைகளுக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல இது. ராஜஸ்தானின் ஆரவல்லியில் மாதிரிக்கு எடுத்த 128 குன்றுகளில் 31 காணாமல் போய்விட்டதாக 2018இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. ஒரு குன்று ‘இல்லை’ என்று சொல்ல, முன்பு ‘இருந்தது’ என்று காட்டும் பதிவு வேண்டும்.

தாளில் இன்னும் ஓடும் ஓடைகள்

சுரங்கங்கள் மறுபடி இயங்க ஒவ்வொரு குத்தகைக்கும் மீட்பு, மறுவாழ்வுத் திட்டம் வேண்டும் என்று நீதிமன்றம் நிபந்தனை வைத்தது. இந்தத் திட்டங்களுக்குப் பழைய தாள் இன்னொரு விதத்தில் உதவும். வெட்டிய முகட்டை யாரும் திரும்பக் கட்டப்போவதில்லை. ஆனால் மழைநீர் எந்தெந்த மடிப்புகளில் இறங்கி நாரிஹள்ளாவைச் சேர்ந்தது என்பது பழைய தாளில் நீல இழைகளாக இருக்கிறது. கழிவு மேடுகள் பல ஓடைகளின் தலைப்பகுதியை மூடிவிட்ட இடத்தில், தடுப்பணையை எங்கே கட்டுவது, சேறு எந்தப் பக்கம் இறங்கும், எந்த ஊரின் குளத்துக்கு நீர்வரத்து நின்றுபோயிருக்கும் என்பதை இன்றைய நிலத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இன்றைய நிலம் காட்டுவது சுரங்கத்துக்குப் பிந்தைய வடிகாலை.

தாள்கள் இன்று எட்டாத பொருளும் அல்ல. 2017இல் இந்திய நில அளவைத் துறை தன் பொதுவரிசைத் தாள்களை இணையத்தில் இலவசமாகத் தரத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் வந்த புதிய வழிகாட்டுதல்கள் வரைபடம் உருவாக்கவும் பயன்படுத்தவும் இருந்த முன் அனுமதிக் கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தின. மலையடிவாரத்து ஊர்க்காரர் ஒருவர் இன்றைய தாளையும் நூலகத்தில் உள்ள பழைய அங்குலத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஓரத்தில் உள்ள அளந்த ஆண்டைப் படித்து, தன் ஊருக்கு இறங்கும் ஓடையை விரலால் மேல்நோக்கித் தொடர்ந்து சென்றால், அது இன்று எந்தக் கழிவு மேட்டின் அடியில் முடிகிறது என்று தெரியும்.